என் முகவரிக்கு வந்தவை

1984 அக்டோபர் 9, செவ்வாய்

மூன்றாம் காட்சியை நான்காவது தடவையாக அடித்துக் கொடுத்தேன். முசியே பெத்ரானுக்கு இன்னும் திருப்தி வரவில்லை. நாலு வருடமாக, செவ்வாயும் வெள்ளியும், பாரிசில் நான் பார்க்கும் காப்பீட்டு அலுவலக வேலை முடிந்ததும் அவருடைய நாலாவது மாடி வீட்டுக்குப் போய் அவர் எழுதுவதைத் தட்டச்சு செய்து தருகிறேன்.

ஹோரியா பெத்ரான் ருமேனியாக்காரர். இயாஷ் என்ற ஊரில் நாடகம் எழுதிக்கொண்டிருந்தார். முதல் நாடகத்தை அங்கத்து அரசாங்கத்தார் நாற்பது நாள் நடக்க விட்டார்கள். இரண்டாவதை மூன்று நாள். மூன்றாவதை ஒத்திகையிலேயே நிறுத்திவிட்டார்கள். 1979இல் ஒரு நாடக விழாவுக்கென்று பிரான்சுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. இப்போது பிரெஞ்சில்தான் எழுதுகிறார். அவருடைய பிரெஞ்சில் பிழை இருக்காது. ஆனால் கோபப்படுகிறவன்கூட நோட்டீஸ் வாசிக்கிற மாதிரி பேசுவான். அந்த இடங்களை அடிக்கும்போதே மாற்றிவிடுவேன். படித்துப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தை நீட்டுவார்.

இந்த நாடகத்துக்கு ‘எழுத்து மாதிரி’ என்று பெயர். அவர்கள் நாட்டில் தட்டச்சுப் பொறி வைத்திருப்பவர் வருடத்துக்கு ஒரு முறை அதைக் காவல் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், எல்லா எழுத்தையும் ஒரு தாளில் அடித்துக் காட்ட வேண்டுமாம். நாடகத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அப்படிப் போகிறார். அதிகாரி தாளைப் பார்த்துவிட்டு, ஒரு எழுத்து மட்டும் போன வருடத்தைவிட ஆழமாக விழுந்திருக்கிறதே, அதன் மேல் உனக்கு என்ன கோபம் என்று கேட்கிறார். வாத்தியாருக்குப் பதில் தெரியவில்லை. கடைசிக் காட்சிக்குள் அவர் தன் மனைவியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார்.

கிளம்பும்போது வழக்கம்போலக் கேட்டார்.

“ஏதாவது வந்துச்சா, மத்மொசேல்?”

“இல்ல, முசியே.”

அவருடைய மனைவி இலிங்காவும் மகள் சாண்டாவும் இன்னும் இயாஷில்தான் இருக்கிறார்கள். அவர் பெயருக்கு எழுதினால் கடிதம் வந்து சேராது. அதனால் இலிங்கா வெளிநாடு போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். அவர்கள் புடாபெஸ்டிலிருந்தோ வார்சாவிலிருந்தோ என் முகவரிக்குத் தபாலில் போடுவார்கள். மூன்று வருடமாக இப்படித்தான். காரைக்காலில் பிறந்த செசிலி அந்துவான் என்கிற எனக்குக் கடிதம் வந்தால் யாருக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது?

அக்டோபர் 23, செவ்வாய்

நாடக அரங்கு நடத்தும் மதாம் ஒதில் ‘எழுத்து மாதிரி’யை எடுத்துக்கொண்டார். ஜனவரி 15 அரங்கேற்றம். அவருடைய அரங்கில் நானூறு இருக்கைகள். இதுவரை முசியேயின் நாடகங்கள் அறுபது, எழுபது பேர் உட்காருகிற நிலவறைகளில்தான் நடந்திருக்கின்றன.

செய்தியைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கை சில்லென்று இருந்தது. சூடேற்றும் கருவியைப் பழுது பார்க்க ஆள் கூப்பிடச் சொல்லிவிட்டு வந்தேன்.

வரும் வழியில் வெண்டைக்காய் வாங்கினேன். வீட்டில் அண்ணிக்கு முழங்கால் வலி குறையவில்லை; கடைக்கு நான்தான் போகிறேன்.

நவம்பர் 2, வெள்ளி

கல்லறைத் திருநாள். காலையில் லியோனி அண்ணியும் நானும் அண்ணன் கல்லறையில் மெழுகுவர்த்தி வைத்தோம். அண்ணன் இறந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேரும்தான் இந்த வீட்டில்.

மாலையில் முசியே சாண்டாவின் படத்தைக் காட்டினார். “நான் கிளம்பினப்ப இவளுக்கு ஆறு வயசு. இப்ப பதினொண்ணு. பல்லெல்லாம் மாறியிருக்கும்.” இலிங்காவின் படமும் அதே உறையில் இருந்தது. அழகான நெற்றி.

நவம்பர் 14, புதன்

கடிதம் வந்தது. புடாபெஸ்ட் முத்திரை. உறையின் மேல் என் முகவரியைக் குழந்தைக் கையெழுத்தில் உருட்டி உருட்டி எழுதியிருந்தது. இதுவரை இலிங்காதான் எழுதுவார். உள்ளே இரண்டு தாள்கள், மடித்து. நான் படிக்கவில்லை. எனக்கு அந்த மொழி தெரியாது.

நவம்பர் 16, வெள்ளி

முசியேவுக்கு இன்று தலைவலி. நடிகர் ஒருவர் விலகிவிட்டார் என்று மதாம் ஒதில் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தார். கடிதத்தைக் கொடுக்கிற நாளாகத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை கொடுக்கலாம். கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு அடித்ததில் முதுகு வலிக்கிறது.

கிளம்பும்போது அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 20, செவ்வாய்

இன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 23, வெள்ளி

நேற்று புனித செசிலி நாள். என் பிறந்தநாளும் அதுதான். நாற்பத்திரண்டு முடிந்தது. நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் முசியே ஒரு ஜோடி தோல் கையுறை வாங்கி வைத்திருந்தார். “இந்தக் கை உறைஞ்சிடுச்சுன்னா என் நாடகம் என்ன ஆகும்?” என்றார். அளவு சரியாக இருந்தது.

நவம்பர் 24, சனி

அகராதி ஒன்று வாங்கினேன். நாடகத்தில் வரும் ஊர்ப் பெயர்களைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

பிரெஞ்சு தெரிந்தவருக்கு ருமேனிய மொழியில் பாதி தானாகவே புரியும். பாஸ்போர்ட்டுக்கு அங்கும் அதே சொல்தான். நாடகத்துக்கும் ஜனவரிக்கும்கூட. மீதியைத் தேடிப் பிடிக்க மாலை வரை ஆயிற்று.

இலிங்காவை ஒரு அதிகாரி அழைத்துப் பேசியிருக்கிறார். ஜனவரியில் அந்த நாடகம் மேடையேறாவிட்டால், ஏப்ரலில் வரும் பாஸ்கா பண்டிகைக்குள் தாய்க்கும் மகளுக்கும் பாஸ்போர்ட். மேடையேறினால் எப்போதுமே இல்லை. “எழுதிய நாடகத்தை நிறுத்துங்கள் என்று உங்களிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். டிசம்பர் முடிவதற்குள் ஒரு வார்த்தை எழுதுங்கள்” என்று முடிகிறது. கீழே சாண்டா ஒரு வரி எழுதியிருக்கிறாள். அதற்கு அகராதி தேவைப்படவில்லை.

அந்த அதிகாரிகள் சொன்னதைச் செய்வார்கள் என்று என்ன நிச்சயம்? முசியேயே பலமுறை சொல்லியிருக்கிறார், அவர்கள் வாக்குக் கொடுப்பது மூச்சு விடுகிற மாதிரி என்று. இதைக் காட்டினால் அவர் உடைந்துபோவார். ஐந்து வருட உழைப்பு.

டிசம்பர் 2, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அண்ணி பிடித்துக்கொண்டாள்.

“அந்தக் கடுதாசியக் குடுத்துட்டியா?”

“குடுக்கணும் அண்ணி. அவருக்கு ஒத்திகை நேரம்.”

“மூணு வாரமாச்சு. பொண்டாட்டி எழுதுன கடுதாசி. ஒத்திகை முடிஞ்சாத்தான் படிக்கணும்னு இருக்கா?”

“இதுல ஒங்களுக்கு என்ன அண்ணி?”

“எனக்கு ஒண்ணுமில்ல. ஒங்கண்ணன் வேலைக்குப் போயிருந்த சைகோன்லேர்ந்து போட்ட கடுதாசிக்காக நான் வாசல்லியே நின்னிருக்கேன். அதனால கேட்டேன்.”

மீன் குழம்புக்கு உப்பு கூடிவிட்டது. அப்படியே சாப்பிட்டோம்.

டிசம்பர் 18, செவ்வாய்

ஒத்திகைக்கு என்னையும் அழைத்துப் போனார். இருட்டில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் காட்சியில் அதிகாரி வாத்தியாரிடம் சொல்வார்: “நாங்கள் உங்களை எதுவும் கேட்கவில்லையே. நீங்களாகச் சொல்கிற வரை உட்கார்ந்திருங்கள் என்றுதான் சொன்னோம்.” அந்த வரியை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார் மதாம் ஒதில். பிறகு முசியேயின் பக்கம் திரும்பி, “இதுதான் நாடகமே” என்றார்.

முசியே தலையசைத்தார். அது நான் எழுதிய வரி.

டிசம்பர் 31, திங்கள்

மாதம் முடிந்தது.

1985 ஜனவரி 16, புதன்

நேற்று அரங்கேற்றம். பாரிசில் இப்படி ஒரு குளிரை நான் பார்த்ததில்லை. சாலையோரக் குழாய்களெல்லாம் வெடித்துக் கிடக்கின்றன. பாதி அரங்கு காலியாக இருக்கும் என்று மதாம் ஒதில் பயந்தார். நின்றுகொண்டு பார்க்கக்கூட இடமில்லை. முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டினார்கள். வெகு நேரம் நிறுத்தவில்லை.

முசியேயைச் சுற்றிக் கூட்டம். என்னைக் கூப்பிட்டு ஒரு பத்திரிகைக்காரருக்கு அறிமுகம் செய்தார். “இவங்கதான் என் தட்டச்சு.” தட்டச்சுக்காரி என்றுகூடச் சொல்லவில்லை. பிரெஞ்சில் அவருக்கு இன்னும் வராத இடம் அதுவாக இருக்கலாம்.

இன்று காலைப் பத்திரிகையில், அந்நிய மொழியிலிருந்து வந்து பிரெஞ்சைப் பிரெஞ்சுக்காரர்களுக்கே புதிதாக்கித் தந்தவர் என்று எழுதியிருக்கிறார்கள். கத்தரித்து வைத்தேன்.

பிப்ரவரி 8, வெள்ளி

நாடகத்துக்குப் பரிசு. வெளிநாட்டு வானொலி ஒன்று அதை ருமேனிய மொழியில் வாசித்து ஒலிபரப்பியதாம். அங்கே ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஊரே கேட்டிருக்கும் என்றார் முசியே. இலிங்காவும் கேட்டிருப்பாரா என்று கேட்டேன். “அவ எப்பவும் முதல் ஆளா கேட்பா,” என்றார்.

மார்ச் 12, செவ்வாய்

இயாஷிலிருந்து மாநாட்டுக்கு வந்த மருத்துவர் ஒருவர் முசியேயைப் பார்த்துவிட்டுப் போனார். நான் பக்கத்து அறையில் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு முசியே சொன்னார், வானொலியில் நாடகம் வந்த மறுவாரமே இலிங்காவை மருந்துக்கடை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்களாம். வீட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். அம்மாவும் பெண்ணும் இலிங்காவின் தங்கை வீட்டில், ஒரே அறையில்.

“நான் என்ன செய்யணும், மத்மொசேல்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

புதிய நாடகத்தின் முதல் பத்துப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

பாஸ்கா. பூசைக்குப் போனேன். வரிசையில் போய் நன்மை அப்பம் வாங்கவில்லை. அண்ணி பார்த்தாள்.

மே 21, செவ்வாய்

நாடகம் லியோனுக்கும் ஜெனீவாவுக்கும் போகிறது. முசியேவுக்குப் புதுக் கோட்டு. இந்த ஆண்டு அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்துவிடும் என்கிறார்கள். விண்ணப்பத்தை நான்தான் அடித்தேன். ‘மணமானவரா’ என்ற இடத்தில் ஆம் என்று அடித்தேன்.

கடிதம் எதுவும் வரவில்லை. ஆறு மாதமாக எதுவுமே வரவில்லை.

ஜூலை 5, வெள்ளி

இலிங்கா இறந்துவிட்டார்.

வியன்னாவிலிருந்து யாரோ தொலைபேசியில் சொன்னார்கள். ஜூன் கடைசியில் இரண்டு பேரோடு சேர்ந்து, டான்யூப் ஆற்றை நீந்திக் கடந்து யூகோஸ்லாவியக் கரைக்குப் போகப் பார்த்திருக்கிறார். தான் முதலில் வெளியே வந்துவிட்டால் மகளைச் சட்டப்படி அழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். மற்ற இரண்டு பேரும் கரையேறிவிட்டார்கள். ஒருவர்தான் தகவல் கொடுத்தது. இலிங்காவின் உடல் நாலாம் நாள் கீழ்க்கரையில் ஒதுங்கியது. சாண்டா சித்தியிடம் இருக்கிறாள்.

முசியே தொலைபேசியை வைத்துவிட்டு, “அவளுக்கு நல்லா நீந்தத் தெரியும்,” என்றார். இரண்டு முறை சொன்னார். காப்பி போட்டுக் கொடுத்தேன். ஆறிப்போயிற்று. வேறு போட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

அண்ணி சட்டைகளை மடித்துக்கொண்டே, “அந்தக் கடுதாசி இன்னமும் ஒங்கிட்டதான் இருக்கு இல்ல,” என்றாள்.

“ஆமா அண்ணி.”

“கொண்டுபோய்க் குடு. இனிமே அது ஒன்னோடது இல்ல.”

எப்போதுமே அது என்னுடையதாக இருந்ததில்லை.

ஜூலை 9, செவ்வாய்

கொண்டுபோனேன்.

“இது நவம்பர்ல வந்தது, முசியே. நான் குடுக்கல.”

அவர் கையை நீட்டவில்லை. உறையைப் பார்த்தார். “சாண்டா எழுத்து,” என்றார். பிறகு, “எனக்குத் தெரியும்,” என்றார்.

“என்ன தெரியும்?”

“நவம்பர் ஆரம்பத்துல ஒருத்தன் என்னைக் காப்பிக் கடையில வந்து பார்த்தான். எங்க ஊர்க்காரன். நாடகத்தை நிறுத்திடுங்க, பாஸ்காவுக்குள்ள ரெண்டு பேரையும் அனுப்பிடறோம்னான். உங்க மனைவியே எழுதுவாங்க, பாருங்கன்னான்.”

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“அவன் பேச்சை நம்பறதா வேண்டாமான்னு தெரியல. இலிங்கா கேட்டா நிறுத்திடறதுன்னு முடிவு பண்ணினேன். அவ கேட்டா என்னால மறுக்க முடியாது. அந்த வெள்ளிக்கிழமை நீங்க கைப்பையை மடியை விட்டு இறக்கவே இல்ல. கடிதம் வந்துடுச்சுன்னு புரிஞ்சுது. நீங்க குடுத்தா நிறுத்தணும்.” உறையை மறுபடி பார்த்தார். “நீங்க குடுக்கல. அதனால நான் கேட்கல.”

“நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேன், முசியே.”

“அது எனக்குத் தெரியும்.”

ஏன் மறைத்தீர்கள் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒத்திகை நேரத்தில் மனம் கலங்க வேண்டாம் என்றுதான் என்று சொல்லியிருப்பேன். அந்தப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

கடிதத்தை வாங்கி, உள்ளே இருந்த தாள்களை எடுத்துப் பார்க்காமலே இழுப்பறையில் வைத்தார். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, “பதினேழாம் பக்கத்திலேர்ந்து அடிங்க,” என்றார்.

அடித்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

பத்திரிகைகள் எழுதுகின்றன. நாடகக்காரர்கள் முந்நூறு பேர் கையெழுத்துப் போட்டு, தாயில்லாத பெண்ணைத் தகப்பனிடம் அனுப்பச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார்கள். மனுவை நான் அடித்தேன். ‘எழுத்து மாதிரி’ இவ்வளவு பேர் வாங்கியிராவிட்டால் ஒருவரும் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார்கள் என்றார் மதாம் ஒதில். அப்படியானால் நாடகம் நடந்ததும் நல்லதற்குத்தான் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். தெரு முனை வரைகூட அந்த நினைப்பு நிற்கவில்லை.

அக்டோபர் 26, சனி

சாண்டா வந்துவிட்டாள்.

விமான நிலையத்துக்கு என்னையும் வரச் சொன்னார் முசியே. பெண்பிள்ளைக்கு ஒரு பெண் கூட இருந்தால் நல்லது என்றார். படம் பிடிப்பவர்கள் ஏழெட்டுப் பேர். பன்னிரண்டு வயதுக்கு உயரமாக இருக்கிறாள். அம்மாவின் நெற்றி. ஆறு வருடத்துக்குப் பிறகு தகப்பனைப் பார்த்தவள், பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரிடம் நீட்டுவதுபோல் கையை நீட்டினாள். அவர் குனிந்து கட்டிக்கொண்டார். படம் பிடித்தார்கள்.

வீட்டுக்கு வந்து சூப்பு சூடாக்கிக் கொடுத்தேன். தட்டை ரொட்டியால் வழித்துச் சுத்தமாகச் சாப்பிட்டாள். அம்மா பிரெஞ்சு சொல்லிக்கொடுத்திருக்கிறார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுகிறாள். முசியே என் பெயரைச் சொன்னதும் தலை நிமிர்ந்து பார்த்தாள்.

“செசிலி அந்துவான்னா நீங்கதானா? கடைசிக் கடிதத்துல உங்க முகவரிய நான்தான் எழுதினேன். அம்மாவோட கையெழுத்து அந்த அதிகாரிங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு என்னை எழுதச் சொன்னா. உங்க தெரு எண்ணை நான் தப்பா எழுதிட்டேனோன்னு அம்மா பயந்துக்கிட்டே இருந்தா. நான் சரியா எழுதினேனா? வந்துச்சா?”

முசியே எழுந்து ஜன்னலருகே போனார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, “அங்கத்துத் தபால் அப்படித்தான், சாண்டா. நிறைய தொலைஞ்சுபோகும்,” என்றார்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாகத் தான் எழுதிய எண்ணைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கும் முகம். தொலைந்துவிட்டது என்று நானும் சொல்லியிருந்தால், ஆயுசு முழுக்க அந்த எண்ணை எழுதிக்கொண்டேயிருப்பாள்.

“நீ சரியாத்தான் எழுதியிருந்தே,” என்றேன். “வந்துச்சு. நான்தான் உங்கப்பாகிட்ட குடுக்கல.”

“ஏன்?”

“குடுக்கல. அவருக்கு எதுவும் தெரியாது. தெரிஞ்சிருந்தா நாடகத்தை நிறுத்தியிருப்பார்.”

முசியேயின் முதுகு அசையவில்லை. அவர் திரும்புவார் என்று நினைத்தேன். ஒரு சொல் சொல்வார் என்று நினைத்தேன். தெருவில் ஒரு பேருந்து நின்று கிளம்பிப் போயிற்று.

சாண்டா அழவில்லை. “அம்மா டிசம்பர் பூராவும் படியிலேயே நின்னா, மதாம்,” என்றாள். எழுந்து போய் அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவர் அவள் தோள்மேல் கையை வைத்தார்.

கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

நவம்பர் 8, வெள்ளி

மதாம் ஒதில் என் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். முசியே வேறு ஒருவரை ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறாராம். நான் அந்த வீட்டுக்கு வருவது பெண்ணுக்குப் பிடிக்கவில்லையாம். “அவர் ரொம்ப வருத்தப்பட்டார், செசிலி. நீங்க இப்படிச் செஞ்சிருப்பீங்கன்னு என்னாலயும் நம்ப முடியல,” என்றார். சரி, மதாம் என்றேன்.

அலுவலகத்தில் அனுமதி கேட்டு மூன்றரை மணிக்கே வீட்டுக்கு வந்த என்னை அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “அந்தாளுக்குத் தெரியும்கறத மட்டும் ஏன் விட்டே?” என்றாள்.

“அந்தப் பொண்ணு இனிமே அவரோடதானே ஒரே மேசையில சாப்பிடணும், அண்ணி. அதுக்கு வேற யாரு இருக்கா?”

“பழியெல்லாம் ஒன் தலையிலயா?”

“பாதி என்னுதுதானே.”

அண்ணி முழங்காலைத் தடவிக்கொண்டாள். “செசிலி, நெசத்தைச் சொல்லு. ஒனக்கு அந்த மனுஷன் மேல...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்தினாள்.

நான் கீரையை நறுக்கிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.